நீ ஏறாத மலை

மச்சான்,

இன்று காலை லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் தெருவில் கவுன்சில்காரன் ஒருவன் இலை ஊதிக்கொண்டு போனான். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் பழைய ரக இயந்திரம். ஈர இலைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊதினான். காற்று அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. மறுபடி ஊதினான். இதற்கும் ஒரு சம்பளம். யன்னலைச் சாத்த எழும்பினேன். அந்த எரிந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். உன் ஜாக்கெட்டில் எப்போதும் இருந்த மணம். நீ ரயிலில் வந்து இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போவார். "நல்லது மச்சான், காலை நீட்டலாம்" என்பாய்.

செவன் கிங்ஸ் வீட்டில் சோபாவில் இருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்தது. நீ செத்தது அப்படித்தான். இதை இவ்வளவு நேராக எழுதக் காரணம், வேறு ஒருவரும் நேராக எழுதவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு உன் வீட்டார் அடித்த நினைவு மலரை நீ பார்த்திருக்க வேண்டும். பளபளக்கும் அட்டையில் பனியில் ஓடும் புத்தம்புதிய ஸ்னோமொபைல் மேல் நீ, பின்னால் வெள்ளை மலை, கீழே தங்க எழுத்தில் 'பனிமலையை வென்றவன்'. உள்ளே ஒரு கவிதை. எழுதியவர் உன்னை இரண்டு கலியாண வீடுகளில் பார்த்திருப்பார், அவ்வளவுதான் பழக்கம். அதில் நீ இமயத்தில் ஏறுகிறாய். நாங்கள் போனது சுவீடனுக்கு. அங்கேயும் நீ ஏறவில்லை.

வட லண்டன் எட்மண்டனில் ஒரு டயர்க் கடைக்கு மேல் இருக்கும் எங்கள் வாகனச் சோதனை நிறுவனத்துக்கு அந்த சுவீடன் வேலை வந்தபோது எல்லோரும் துள்ளினார்கள். மலைக்கென்றே செய்த புதிய ஸ்னோமொபைல் மொடல். இறக்குமதி செய்பவர்களுக்கு ஓட்டிப் பார்த்து அறிக்கை வேண்டும், விளம்பரத்துக்குப் படமும் வேண்டும். நீ ஓட்டுவது, நான் அதில் சென்சர்களைப் பொருத்தி அளப்பது. முதல் நாள் முழுக்கச் சமவெளியில் அதைப் போட்டுப் புரட்டினாய். ஒரே பக்கத்துப் படியில் இரண்டு கால்களையும் வைத்து, முழு இயந்திரத்தையும் சரித்து, இடுப்பளவு பனியில் வட்டம் போட்டாய். நான் குறை தேடினேன். அது என் தொழில். நீ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "நல்ல சாமான் மச்சான். அதுதான் பிரச்சினை" என்றாய்.

"என்ன பிரச்சினை?"

"பழசு எண்டால் மொக்கன் அடிவாரத்திலயே புதைஞ்சு போயிருப்பான். இது அவனையும் மேல கொண்டுபோய் விடும்."

அறிக்கையில் நான் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரியில் விஷயம் இருந்தது. அதை அவர்கள் வெட்டிவிட்டார்கள். விளம்பரத்துக்கு உதவாதாம்.

இரண்டாம் நாள் மலை. இரவு காற்று அடித்திருந்தது. காலையில் வானம் நீலம். சரிவு முழுவதும் கோடு கீறாத பனி. இறக்குமதிக்காரர்களின் விற்பனைப் பொறுப்பாளன் படப்பிடிப்புக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுடைய கறுப்புக் கண்ணாடியின் விலைக்கு என் சென்சர்களில் பாதியை வாங்கலாம். நீ அடிவாரம் வரை ஓட்டிப்போய் நிறுத்தி, இறங்கி, பனியில் நாலடி நடந்தாய். காலுக்குக் கீழே 'தொம்' என்று ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்து அறையில் யாரோ மெத்தையில் விழுந்த மாதிரி. திரும்பி வந்து இயந்திரத்தில் ஏறி இருந்தாய். ஓட்டுபவன் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக உடுப்பில் கொளுவி விடும் சிவப்புக் கயிறு இருக்கிறதே, அதை நீயே சுவிட்சிலிருந்து இழுத்தாய். எஞ்சின் நின்றது.

"கேட்டதோ?"

"கேட்டது. கெதியாச் சொல்லு, பட்டரி குளிரில சாகுது" என்றேன்.

"காத்து அங்கால இருந்த பனியை அள்ளிக் கொண்டுவந்து இஞ்சால கொட்டியிருக்கு. அடியில பிடிப்பில்லை. ஏறினால் முழுக்கச் சரிஞ்சு வந்து ஆளை மூடும். நான் ஏறேல்ல."

அந்தக் கணத்தில்தான் படப்பிடிப்புக்காரன் படம் எடுத்தான். வெயில் நன்றாக விழுந்ததாம்.

கறுப்புக் கண்ணாடிக்காரன் உன் ரைடருக்குப் பயமா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டான், நீ அங்கே இல்லாத மாதிரி. நீயே பதில் சொன்னாய்: ஓம், பயம்தான், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறீர்கள். அவன் சிரித்தான். பிறகு இன்னொரு இயந்திரத்தில் ஏறித் தானே போனான். மேலே போனான், வளைந்தான், இறங்கினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பனிக்கட்டிகூட உருளவில்லை. இறங்கி வந்து உன் தோளில் தட்டினான், குழந்தைப்பிள்ளைக்குத் தட்டுவது போல. அதற்குப் பிறகு அவர்கள் உன்னைக் கூப்பிடவில்லை. நம்முடைய நிறுவனமும் வாயைத் திறக்கவில்லை. நீ ஒரு வாகனத் தரிப்பிடத்தில் ஆட்களுக்கு மோட்டார்சைக்கிள் பழக்கப் போனாய். இவ்வளவுதான் பனிமலையை வென்ற கதை.

மலருக்கு என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். உன் அக்கா படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"தம்பி, செத்தவீட்டில உண்மை கதைச்சு என்ன காணப் போறீங்கள்?"

"உங்கட தம்பி செய்த நல்ல வேலையே அதுதான் அக்கா."

"ஏறாமல் வந்தது நல்ல வேலையோ? சனம் என்ன சொல்லும்?"

என் பக்கம் போன இடத்தில் கவிதை வந்தது. சனத்துக்கு இமயம் பிடித்திருந்தது.

சனம் எக்கேடு கெட்டும் போகட்டும். ஆனால் உன் தம்பி நிரோஷனும் அந்த அட்டையை நம்பினான். மாசி மாதம் கூட்டாளிகளோடு சுவீடனுக்குப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கண் மினுங்கியது.

"இந்த வருச மொடல் இன்னும் பாரம் குறைவாம் அண்ணை. அதே மலையில அண்ணான்ர பேரில ஒருக்கா ஏறிப்போட்டு வாறன்."

"அவன் ஏறேல்ல."

"என்ன?"

மலரை எடுத்து முன்னால் போட்டேன். "கையைப் பார். என்ன வைச்சிருக்கிறான்?"

"சிவப்புக் கயிறு."

"அது கையில இருந்தால் எஞ்சின் ஓடுமோ?"

கொஞ்ச நேரம் பார்த்தான். கெட்டிக்காரப் பொடியன், விளங்கிவிட்டது. விளங்கியது பிடிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். சத்தம், காற்று, கறுப்புக் கண்ணாடி.

"ஆனா அந்தச் சேல்ஸ்காரன் ஏறினவன்தானே. ஒண்டும் நடக்கேல்லையே."

"அவன் சூதாடி வெண்டவன். வெண்டவனிட்டைப் போய் மலையைப் பற்றிக் கேக்கிறியோ?"

"அப்ப அண்ணா பயந்தவர் எண்டு சொல்லுறியள்."

"ஓம்."

"செத்துப்போனவரைப் பற்றி இப்பிடிக் கதைக்க உங்களுக்கு வெக்கமா இல்லையோ?" என்றான். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனான். கதவை அடித்த அடியில் கீழ் வீட்டுக்காரி வந்து முறைப்பாடு சொன்னாள்.

நான் மறித்துப் பார்க்கவில்லை. மறித்தால் கட்டாயம் ஏறுவான். போன சனிக்கிழமை சுவீடனிலிருந்து ஃபோன் வந்தது. காற்று இரைந்தது.

"அண்ணை."

"சொல்லு."

"இரவு நல்ல காத்து. மேல விளிம்பில பனி வெளியால தள்ளித் தொங்குது. காலடியில ஒருக்கா இறங்கின மாதிரி இருந்தது."

"ம்."

"நான் ஏறேல்ல."

பின்னால் சிரிப்புச் சத்தம். யாரோ ஒருவன் இங்கிலீஷில் அவனைப் பேபி என்றான். இந்தச் சிரிப்புக்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை. எந்த மலையடியிலும் நாலு பேர் இதைச் சிரிக்க நிற்பார்கள்.

"பகிடி பண்ணுறாங்கள்" என்றான்.

"பண்ணட்டும். சாப்பிட்டியோ?"

"இல்லை. ரெண்டு பேர் மேல போறாங்கள் அண்ணை. அவங்கள் இறங்குமட்டும் நான் பாத்துக்கொண்டு நிக்கோணும். பிறகு எடுக்கிறன்."

வைத்துவிட்டான்.

அந்த இருவரும் இறங்கிவிட்டார்களாம். ஒன்றும் நடக்கவில்லையாம். மலை இந்த முறையும் உனக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. இனி அந்த இருவரும் வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லித் திரிவார்கள்.

மச்சான், நிரோஷனுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே போனபோது, நீ இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த சவளை, பனிக்குள் புதைந்தவனைத் தோண்டி எடுக்கும் மண்வெட்டியை, எடுத்துப் பிடியைப் பொருத்தினாய். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் போன கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாய். அவன் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சவளைக் கழற்றினாய். அந்த மொக்கனுக்காக.

அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. உன் தம்பிக்கு அப்படி நிற்க யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.