கேசட்டில் இல்லாத கல்

கோட்டைமேடு, கோவை
3.7.1994

அன்புள்ள அத்தாவுக்கு, ஃபர்சானா ஸலாம் கூறி எழுதுவது. நீங்கள் கேட்டபடி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

அம்மாவின் வயிற்றுவலிக்குப் பித்தப்பைக் கல்தான் காரணம் என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல், நான்கு சிறு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டிவியில் பார்த்தபடியே எடுத்துவிடலாமாம். "டிவியில வரோணும்னா குடுத்து வெச்சிருக்கோணுமல்லோ!" என்று அம்மா நர்ஸைச் சிரிக்க வைத்தார்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டாக்டர், நிஜாம் மாமாவை மட்டும் உள்ளே அழைத்தார். கதவோரம் நின்று கேட்டேன். கல் இல்லை, புற்றுநோய். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. சோதனைக்குத் துளி சதை மட்டும் எடுத்தார்களாம். மூன்று மாதம் என்றார்.

வெளியே வந்த மாமா அம்மாவிடம், "கல்லெல்லாம் எடுத்துப்போட்டாங்கக்கா. கவலைய உடு" என்றார்.

உடனே வாருங்கள் அத்தா.

உங்கள் மகள்,
ஃபர்சானா


தம்மாம், சவூதி அரேபியா
19.7.1994

கண்ணு ஃபர்சானாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. லீவுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இடையில் வந்தால் திரும்ப வேலை தரமாட்டார்கள். அதுவரை அல்லாஹ் காப்பாற்றுவான். அம்மாவுக்கு எதுவும் தெரியக்கூடாது. கல் எடுத்தாச்சு என்றே நீயும் சொல்.

துஆவுடன்,
அத்தா அமீர் ஹம்சா


கோட்டைமேடு
7.8.1994

அத்தாவுக்கு,

டாக்டரிடம் மறுபடி காட்டப் போன இடத்தில், ஆபரேஷனைப் பதிவு செய்த வீடியோ கேசட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் கொடுப்பது வழக்கமாம். நேற்று மாலை மாமா கடையில் இருந்தார். அம்மா வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, பக்கத்து வீட்டுச் சித்திகா அக்காவையும் கூப்பிட்டார். உள்ளே இருப்பது யாருக்குப் புரியப்போகிறது என்று நான் சும்மா இருந்தேன்.

ஈரல் தெரிந்தது, அறிவியல் புத்தகத்தில் உள்ளது போலவே. அதன்மேல் நொய்யரிசி இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். ஓர் இடுக்கி ஒன்றைக் கிள்ளியது. கேமரா வெளியே வந்தது. அவ்வளவுதான்.

"ஏனுங் தாஜக்கா, கல்லையே காணோம்?" என்றார் சித்திகா அக்கா.

"அடுத்த கேசட்ல வருமாட்ட இருக்குது" என்று சிரித்து, அவரை அனுப்பிவிட்டு, அம்மா என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டாங்கம்மா. அத்தாகூட அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றேன். உங்கள் பெயரைச் சொன்னால் நம்புவார் என்று நினைத்தேன்.

"எங்கே, அந்த லெட்டரைக் கொண்டா."

மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு முறை படித்தார்.

"நாலு மாசமா? டாக்டர் எத்தனைன்னார்?"

"மூணும்மா."

லெட்டரை மடித்து என்னிடம் கொடுத்து, "இனி அவருக்கு எழுத வேண்டாங் கண்ணு" என்றார். சரி என்றேன். இனி என் கடிதம் ஏன் வராது என்று உங்களுக்குத் தெரியவேண்டுமே என்றுதான் இந்தக் கடிதம்.

டிவியை நிறுத்தச் சொன்னார். பிறகு விளக்கையும். அணைத்துவிட்டேன்.

ஃபர்சானா