எண்பத்தெட்டாம் பக்கம்

வெள்ளவத்தை,
12.01.1997

மதிப்புக்குரிய செல்வி அருள்நாயகி பேர்னாட் அவர்கட்கு,

வணக்கம். நமது பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கம் இவ்வாண்டு ஐம்பதாண்டு மலரொன்றை வெளியிடுகின்றது. பட்டதாரிகளின் சாதனைகளை ஓரிடத்தில் தொகுப்பதே நோக்கம். தாங்கள் எழுதிய கணித நூல் பரிசு பெற்றதைப் பத்திரிகையிற் படித்து மகிழ்ந்தேன். படிவம் இத்துடன் உண்டு.

விதிகள் சில. ஒருவருக்கு ஒரு பக்கம். அவர் கையொப்பமிட்டு எழுதியதை மலர்க்குழு திருத்தாது, குறைக்காது. பட்டம் பெற்றோர் மட்டுமே இடம்பெறுவர். மாசி முடிவதற்குள் கிடைக்கவேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
சி. சிவபாதசுந்தரம்
உதவிப் பதிவாளர், மலர்ச் செயலாளர்


கொட்டாஞ்சேனை,
20.01.1997

அன்புள்ள சேர்,

கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

படிவத்தை நிரப்பி அனுப்புகிறேன். பெயர் மட்டும் என்னுடையதல்ல, தம்பி கிளெமென்றுடையது. பௌதிகவியல், மூன்றாம் வருடம், வகுப்பில் முதலாவது. பட்டம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். 1990 கார்த்திகை 9, வெள்ளிக்கிழமை. காலையில் எங்கள் தெருவைச் சுற்றிவளைத்து அவனைக் கொண்டுபோனார்கள். மாணவன் என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் கொடுத்தால் ஐந்து மணிக்குள் விடுவதாகப் பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள். அவனுடைய மாணவர் அட்டை புதுப்பிப்பதற்காக உங்கள் அலுவலகத்திலேயே கிடந்தது. நூலக அட்டையோடு உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"விண்ணப்பத்தில மாணவர் நேரில வந்து கையெழுத்து வைக்கவேணும், மிஸ்" என்றீர்கள்.

"அவன் வர ஏலாதபடியாலதானே சேர் நான் வந்தனான்."

"அது எனக்கு விளங்குது. படிவத்தில அதுக்கு இடமில்லை."

சனிக்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது அவன் அங்கே இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அவனுக்கு ஒரு பக்கம் கொடுங்கள், சேர்.

பணிவுடன்,
அருள்நாயகி


வெள்ளவத்தை,
02.02.1997

மதிப்புக்குரிய செல்வி அருள்நாயகி அவர்கட்கு,

தங்கள் துயரில் மலர்க்குழு பங்குகொள்கின்றது. எனினும் பட்டம் பெறாதவர் ஒருவரைச் சேர்ப்பின், அதே நிலையிலுள்ள ஏனையோருக்கு விடையளிக்க இயலாது போகும். ஆகவே படிவத்தை ஏற்பதற்கில்லை. தாங்கள் குறிப்பிட்ட சந்திப்பு எனக்குத் தெளிவாக நினைவில் இல்லை. தங்கள் சொந்தப் படிவத்தை இன்னும் எதிர்பார்க்கின்றேன்.

தங்கள் உண்மையுள்ள,
சி. சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை,
09.02.1997

சேர்,

நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டில் மூன்று நாற்பது. அலுவலகம் பூட்ட இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

எனக்கு அந்த நேரம் மறக்காததற்குக் காரணம் உண்டு. நான் பிந்திப் போனபடியால் கந்தோர் பூட்டிவிட்டது என்றே அம்மா இன்றும் நினைக்கிறா. அன்றிரவு அப்படிச் சொன்னது நான்தான். படித்த மனிசர் ஒருவர் கதிரையில் இருந்துகொண்டே தரமாட்டேன் என்றார் என்று சொன்னால் அவ தாங்கமாட்டா என நினைத்தேன். ஆறு வருடமாகக் கேட்கிறா: "வழியில எங்கயடி மினக்கெட்டனீ?"

என் பெயரும் உங்கள் மலருக்கு வேண்டாம். தம்பியின் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

அருள்நாயகி


வெள்ளவத்தை,
01.03.1997

அன்புள்ள சகோதரி,

இவ்வாறு அழைக்க எனக்கு உரிமை இல்லை. வேறு சொல் அகப்படவில்லை.

நினைவில் இல்லை என்று எழுதியது பொய். தாங்கள் மறந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையிலேயே முதற் கடிதத்தில் பாராட்டும் எழுதினேன்.

தாங்கள் அறியாத ஒன்று உண்டு. மறு திங்கட்கிழமை பதிவாளரிடம் கேட்டேன். மாணவர் தடுப்பிலிருக்கையில் அந்தக் கையொப்பம் வேண்டியதில்லை, என் பொறுப்பிலேயே கொடுத்திருக்கலாம் என்றார். உடனே கடிதத்தைத் தட்டச்சுச் செய்து முத்திரையும் இட்டேன். தாங்கள் வரவில்லை. முகவரி என்னிடம் இருந்தது, ஆயினும் அனுப்பவில்லை. அனுப்பினால், வெள்ளிக்கிழமையே கொடுத்திருக்கலாம் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும் என அஞ்சினேன். அலுவலகக் கோவையொன்றில் இட்டு அலுமாரியிற் பூட்டினேன். அதை இத்துடன் அனுப்புகின்றேன். ஆறு வருடம் பிந்திய கடிதம். பிந்தியவன் நான், தாங்கள் அல்லர்.

விதியைத் தளர்த்துமாறு குழுவைக் கேட்டேன். "விதியை எழுதினது நீர்தானே, ஐசே" என்றார் தலைவர் இராஜநாயகம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகவும் வெட்கப்படுகின்றேன்.

ஆனால் நானும் ஒரு பட்டதாரி. எனக்கும் ஒரு பக்கம் உண்டு, எண்பத்தெட்டாம் பக்கம். அதில் எழுதுவதைக் குழு தொடமுடியாது. எழுதிய பிரதியை இணைத்துள்ளேன். மேலே கிளெமென்றின் பெயரும் அவர் பெற்ற புள்ளிகளும். அதன் கீழ், மூன்று நாற்பதுக்கு அவருடைய சகோதரி என்முன் நின்றதும், நான் மறுத்ததும், திங்கட்கிழமைக் கடிதமும். அடியில் என் கையொப்பம்.

தங்கள் சம்மதமின்றி அச்சுக்குக் கொடேன். மறுமொழி தபாலில் வந்தாற் போதும்.

தலைகுனிந்து,
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை,
10.03.1997

சேர்,

பக்கத்தை வாசித்தேன். இரண்டாம் வரியில் அவனுடைய கணிதப் புள்ளி எண்பத்தொன்று அல்ல, தொண்ணூற்றொன்று. திருத்துங்கள்.

அம்மாவுக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை. அவவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. நான் வாசித்தால், என்னைக் காப்பாற்ற நானே எழுதியது என்பா.

உங்கள் விதிதான் இங்கேயும். தபால் போதாது, நேரில் வரவேண்டும். ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்குப் பிறகு வீட்டில் இருப்போம். தெருமுனையில் சோதனைச் சாவடி, அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

நான் வந்து நின்றபோது மணி எத்தனை என்றுதான் அம்மா முதலில் கேட்பா. அதை நீங்கள் சொல்லுங்கள்.

அருள்நாயகி