சுங்கச்சாவடியில் நீண்ட கை

பூந்தமல்லி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆசிமுக்கு,

அம்மாவின் சலாமும் துஆவும். பெருநாள் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. பிரியாணி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போனில் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறாய். மின்னஞ்சல் என்றால் ஒரு பக்கமாவது எழுதித்தானே ஆகவேண்டும். அதனால்தான் இது.

விசா வந்துவிட்டது. பக்ரீத் முடிந்ததும் ஜூனில் புறப்படலாம். மியூனிக்கிலிருந்து வெனிஸ் கடல் வரை காரில் கூட்டிப்போவதாக நீ சொன்னதை மாடிவீட்டு ஜோதிகாவிடம் சொன்னேன். அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு விவரம் வேண்டும். ஒரு நாட்டு வண்டி இன்னொரு நாட்டுக்குள் போனால் சாலைக்கு என்னென்ன கட்டவேண்டும்? எங்கே, எப்படிக் கட்டுவது? அந்தச் செலவு முழுவதும் என் பென்ஷனிலிருந்து. பெட்ரோல் உன்னுடையது. இதில் பேச்சு கிடையாது.

போன ஆகஸ்டில் இத்தாலி போனபோது நீ அனுப்பிய படத்தை அச்சடித்து அலமாரிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். இடது ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, சுங்கச்சாவடி இயந்திரத்திலிருந்து சீட்டு எடுக்கிறது. கையில் கல்யாணத்தன்று நான் சஹருக்குப் போட்ட வளையல். போக வர நீயே ஓட்டியதாகச் சொன்னாய். அறுநூறு கிலோமீட்டர் நீ ஓட்ட, பக்கத்தில் அவள் சீட்டு எடுத்துக் கொடுத்தபடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மனசு நிறையும். ஆனால் வண்டி ஓட்டுகிறவன் போனைத் தூக்கிப் படம் எடுக்கலாமா? அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

துஆவுடன்,
அம்மா

•

மியூனிக்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கேட்டபடி ஒரு பக்கத்துக்கு மேலேயே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் காருக்குச் சாலைக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவுக்குள் நுழையும் முன்பே, எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள பெட்ரோல் பங்க்கில் ஒரு ஸ்டிக்கர் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டவேண்டும். பத்து நாளுக்குப் பன்னிரண்டு யூரோ சொச்சம். ஒட்டாமல் போனால் அபராதம் அதைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாது. வெளிநாட்டுக்காரர்கள் மாட்டுவதே இதில்தான். பிறகு பிரென்னர் மலைப்பாதைக்குத் தனியாகப் பன்னிரண்டு யூரோ. ஸ்டிக்கர் அங்கே செல்லாது. இத்தாலியில் வேறு முறை. நுழையும்போது சீட்டு எடுக்கவேண்டும், வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்றபடி கட்டவேண்டும். இருபது, இருபத்தைந்து ஆகும். மஞ்சள் வரிசை சந்தாக்காரர்களுக்கு, நீலம் கார்டுக்கு, வெள்ளை ரொக்கத்துக்கு. வெனிஸ் ஊருக்குள் கார் போகாது. வெளியே நிறுத்த நாளுக்கு முப்பது யூரோ ஆகலாம்.

சஹருக்கு ஜூனில் லீவு கிடைக்கவில்லை. நீங்களும் நானும் மட்டும் போகிறோம். நம் காரை அக்டோபரிலேயே விற்றுவிட்டேன் என்று சொன்னேனே, பார்க்கிங் தொல்லை. வாடகைக் கார் பதிவுசெய்துவிட்டேன்.

அந்தப் படம் எடுத்தபோது வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. இப்போதாவது மன்னித்துவிடுங்கள்.

உங்கள்,
ஆசிம்

•

பூந்தமல்லி
14 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆசிமுக்கு,

சலாம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டண விவரம் பாடநூல் மாதிரி தெளிவாக இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அதற்கு முன் நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

தாம்பரத்தில் ஒரு நிக்காஹ். வேலுசாமியின் டாக்சியில் போனேன். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தானே, குத்தம்பாக்கம் பையன், அவன்தான். பைபாஸ் சுங்கச்சாவடியில் அவன் ஸ்டிக்கரை இயந்திரம் படிக்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, அவன் முனகிக்கொண்டே வலது ஜன்னலில் கையை நீட்டிப் பணம் கொடுத்தான். எனக்கு உங்கள் படம் நினைவு வந்தது. போனில் எடுத்துக் காட்டினேன்.

"இன்னா டீச்சர், மருமவப் பொண்ணுதான் வண்டி ஓட்டிகினு கீதா?" என்றான்.

இல்லையடா, ஓட்டுவது என் மகன், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

"அந்த ஊர்ல ஸ்டீரிங்கு லெப்டுல கீது டீச்சர். லெப்டு ஜன்னல்ல எவன் கை நீட்றானோ அவன்தான் டிரைவரு. நீங்கதானே எங்களுக்கு மேப்பு மாட்டிச் சொல்லிக் குடுத்தீங்க."

முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்தியவள் எட்டு மாதமாக ஒரு படத்தை நம் ஊர்க் காராகவே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

சஹர் ஓட்டினால் எனக்குப் பெருமைதான். ஆனால் போக வர நீயே ஓட்டியதாக ஏன் சொன்னாய்? அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கிறேன். அக்டோபரில் காரை விற்றாய். நீ ஆசை ஆசையாக வாங்கிய கார் அது, பார்க்கிங்குக்காகவா விற்பாய்? ஜனவரியில் சஹர் தனியாக என்னை அழைத்து, "மாமாவுக்கு நரம்பு சம்பந்தமா ஏதாச்சும் இருந்துச்சா மாமி?" என்று மெதுவாகக் கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா என்றாள்.

பரீட்சைத் தாள் திருத்தும்போது விடை மட்டும் சரியாக இருந்து வழிமுறை இல்லாவிட்டால் நான் அந்தத் தாளைத் தனியே எடுத்துவைப்பேன். உன் கடிதம் அந்தத் தாள். எல்லாக் கட்டணமும் இருக்கிறது. ஆனால் வரிசையில் நின்ற எரிச்சல் இல்லை, கார்டைக் கீழே போட்டுத் தேடியது இல்லை, பின்னால் ஹாரன் அடித்தவனைத் திட்டியது இல்லை. வேலுசாமிக்கு ஒரு சாவடியைத் தாண்டவே அவ்வளவு முனகல். நீ மூன்று நாட்டைத் தாண்டியிருக்கிறாய்.

என்ன மறைக்கிறாய் கண்ணு?

அம்மா

•

மியூனிக்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சலாம். நீங்கள் ரிட்டயர் ஆகி ஒன்பது வருடம் ஆகியும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

எனக்குக் களைப்பாக இருந்ததால் கொஞ்ச தூரம் சஹர் ஓட்டினாள். அவ்வளவுதான். கணவன் தூங்கினான் என்று உங்களிடம் சொல்லவேண்டாமே என்று நினைத்தேன். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ இன்ஷூரன்ஸ் படிவத்துக்காக இருக்கும்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வாடகைக் காருக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஸ்டிக்கரும் நாளை வாங்கிவிடுவேன். பிரென்னரில் இயந்திரத்தில் நிற்காமல் போக வண்டி எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே கட்டும் வசதியும் இருக்கிறதாம்.

அத்தா உயிரோடு இருந்தபோது உங்களை ஒரு முறையாவது கடலுக்குத் தன் வண்டியில் கூட்டிப்போக ஆசைப்பட்டார் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அதை நான் செய்கிறேன். தயவுசெய்து சந்தேகப்படாமல் வாருங்கள்.

ஆசிம்

•

பூந்தமல்லி
25 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆசிமுக்கு,

"வசதி இருக்கிறதாம்" என்று எழுதியிருக்கிறாய். அதே பாதையில் போய் வந்தவன் "இருக்கிறதாம்" என்று எழுதமாட்டான். நீ ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

இனி நான் கேட்கப்போவதில்லை. சொல்லப்போகிறேன். முதலில் பொய் சொன்னவள் நான்தான்.

உன் அத்தா கலீல் ரகுமானுக்கு வலிப்பு இருந்தது. முதலில் வந்தது 1996-ல், வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன். நீ பள்ளியில் இருந்தாய். பாட்டனார் காலத்து வழக்கப்படி நான் இரும்புச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து, நடந்தது தெரியாமல் ரசம் கேட்டார். அப்போது அவர் பாடியில் உள்ள தொழிற்சாலைக்குப் பூந்தமல்லியிலிருந்து ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் வண்டியைத் தொடக்கூடாது என்றார். அத்தா கெஞ்சினார்: "வேலை போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன் ஜஹானாரா? யாருக்கும் தெரியவேணாம்." நான் சரி என்றேன். மூன்று முறை வந்தது. மூன்று முறையும் காய்ச்சல் என்று லீவுக் கடிதம் எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவர் சார்பில் நானே எழுதுவேன்.

2000 ஆகஸ்டில் வேலப்பன்சாவடி அருகே பஸ் சாலையை விட்டு இறங்கி, முனியம்மாவின் இட்லிக் கடை மேல் ஏறியது. பிரேக் பெயிலியர் என்றுதான் உனக்குத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை. பஸ்ஸில் முப்பது பேர், அல்லாஹ் காப்பாற்றினான். முனியம்மாவுக்கு இடது கால் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிரைவர் அண்ணாத்தே நல்ல மனுசன் டீச்சர். பிரேக்கு போச்சுன்னா அவரு இன்னா பண்ணுவாரு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். இருபத்தைந்து வருடமாக அந்தத் தலையாட்டலோடுதான் தூங்கப்போகிறேன்.

ஜனவரியில் சஹர் கேட்டபோதும் "அப்படி ஒன்றும் இல்லையே" என்றுதான் சொன்னேன். பழகிப்போன வாய். உன் டாக்டர் அந்தப் பதிலை வைத்து ஏதாவது முடிவு செய்திருந்தால் அந்தத் தப்பு என்னுடையது.

எனக்குக் கடல் வேண்டாம். நீ ஓட்டும் வண்டியில் நான் ஏறமாட்டேன். நான் வராவிட்டாலும் நீ வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு போவாய் என்றால், இந்தக் கடிதத்தைச் சஹருக்கும் அனுப்புவேன். ஒரு முறை ஒருவர் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். மறுபடி முடியாது.

உன் பதில் வரும்வரை டிக்கெட் எடுக்கமாட்டேன்.

அம்மா

•

மியூனிக்
7 மே 2025

அம்மா,

பன்னிரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. மூன்று முறை எழுதி அழித்தேன்.

முதலில் வந்தது போன ஜூலையில், ஆபீஸ் படிக்கட்டில். இத்தாலிக்கு முழுக்க சஹர்தான் ஓட்டினாள். படம் நான்தான் எடுத்தேன், வலதுபக்க இருக்கையிலிருந்து. இரண்டாவது டிசம்பரில். ஒரு வருடம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இங்கே லைசென்ஸ் அட்டையைப் பிடுங்கவில்லை, அதனால் வாடகைக் காருக்குப் பதிவு செய்துகொண்டார்கள். ஜூனோடு ஆறு மாதம் ஆகிறதே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சஹரிடம் பஸ்ஸில் போகிறோம் என்று சொல்லியிருந்தேன்.

உங்கள் கடிதத்தை நேற்று அவளிடம் நானே காட்டினேன். நிறைய அழுதாள். கொஞ்சம் அடிக்கவும் செய்தாள். அட்டை இப்போது அவள் பையில் இருக்கிறது. காரை ரத்துசெய்துவிட்டேன். ஒட்டாத ஸ்டிக்கர் மேஜைமேல் கிடக்கிறது.

மியூனிக்கிலிருந்து வெனிஸுக்கு நேராக ரயில் உண்டு. அதே பிரென்னர் மலை வழிதான். ஜன்னலோரம் இரண்டு இருக்கை பதிவுசெய்திருக்கிறேன்.

டாக்டரின் படிவத்தில் 'தந்தைக்கு வலிப்பு உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று குறித்திருந்தோம். அதைத் திருத்தவேண்டுமாம். வந்த தேதிகள், எவ்வளவு நேரம், என்ன மருந்து, எல்லாம் எழுதி அனுப்பமுடியுமா? உங்கள் கையெழுத்திலேயே வேண்டும்.

வருவீர்கள்தானே?

ஆசிம்

•

பூந்தமல்லி
11 மே 2025

அன்புள்ள ஆசிமுக்கு, சஹருக்கும்,

அம்மாவின் சலாம். இரண்டு பக்கம் கைப்பட எழுதிப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்கு தேதிகளும் இருக்கின்றன. நான்காவது தேதிக்கு எதிரே 'பேருந்து ஓட்டும்போது' என்று எழுதியிருக்கிறேன். சஹர் மொழிபெயர்க்கும்போது அந்த வரியை விட்டுவிடவேண்டாம்.

நேற்று வேலப்பன்சாவடி போனேன். முனியம்மா இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். அவளிடமும் சொன்னேன். "இத்த சொல்ல இம்மா வருசமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். டீ கொடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அது அவள் நியாயம்.

ஜூன் பன்னிரண்டுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேலுசாமி விமான நிலையத்தில் கொண்டுவிடுவான். பெட்டியில் உனக்குப் பெருநாள் உடுப்பும் சஹருக்கு முறுக்கும் வைத்திருக்கிறேன். அத்தாவின் சாவிக்கொத்தை எடுத்துவரவில்லை. கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டைப் பூட்டி அதை ஜோதிகாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

துஆவுடன்,
அம்மா