நாற்பத்தோராம் படியில்

அன்பு மகள் வுர்யானிக்கு, அப்பா எழுதுவது. உன் மேல் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே நானும் அம்மாவும் நலம், என் மூச்சு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, பயந்துவிடாமல் முழுக்கப் படி.

நோன்பு மாதம் பிறக்குமுன் குன்றின் மேல் உன் தாத்தா கல்லறையைக் கூட்டிப் பூத் தூவி ஓதிவிட்டு வர வேண்டுமல்லவா, நூற்றுப் பன்னிரண்டு படி, போன வருஷமே உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். அதனால் இந்தத் தடவை மூன்று மாதமாய் முதியோர் உடற்பயிற்சிக் கூட்டத்தில் சேர்ந்து கை காலை வீசினேன். சோலோ நகர வீதிகளில் இரண்டு குண்டு அம்மாக்களையும் ஒரு மூட்டை வெங்காயத்தையும் வைத்து ரிக்‌ஷா மிதித்தவன், இப்போது உடற்பயிற்சிப் பாட்டின் இரண்டாம் அடி முடியுமுன் மீன் மாதிரி வாயைப் பிளக்கிறேன். உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று அம்மா தினமும் முதுகில் தைலம் தடவி, அது வெளியேறட்டும் என்று காசு விளிம்பால் சிவக்கச் சிவக்கச் சுரண்டினாள். அன்றைக்குச் சுகமாயிருக்கும், அந்தத் தெம்பில் மறுநாள் இன்னும் வேகமாய் ஆடுவேன், மறுபடி மூச்சு வாங்கும், மறுபடி காசு. முதுகு வரிக்குதிரை ஆனதுதான் மிச்சம். கடைசியில் கூட்டத்துக்கு வரும் நர்ஸ் எண்டாங் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தாள். நோய் ஒன்றுமில்லையாம், வயசானால் நெஞ்சுக்கூடு இறுகிப்போகுமாம், அதே வேலைக்குக் கூடுதலாய் மூச்சு இழுக்க வேண்டுமாம். "காத்து புகுந்துட்டதா நினைக்கிறீங்க ஐயா, உங்களுக்குப் புக வேண்டிய காத்துதான் பத்தலை" என்று சிரித்தாள். பேசிக்கொண்டே நடக்க வேண்டும், பேச்சு அறுந்தால் நின்றுவிட வேண்டும் என்றாள். நோயென்றால் மருந்து கேட்கலாம், வயசுக்கு என்னத்தைக் கேட்பது.

வியாழக்கிழமை குன்றுக்குப் போனோம். நர்ஸ் சொன்னபடி அம்மாவிடம் பேசிக்கொண்டே ஏறினேன், அதாவது சண்டை போட்டுக்கொண்டே. நாற்பத்தோராம் படியில் எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஜெயித்தாள், ஜெயித்த முகமே இல்லை. "நீங்க இங்கயே இருங்க, நான் போய்ட்டு வரேன்" என்று துடைப்பத்தையும் பூக்கூடையையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் தொடையில் கை ஊன்றினாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய. மேலே துடைப்பச் சத்தம் கேட்டதும் நானும் கீழேயிருந்தே ஓதினேன், ஒரே மூச்சில் ஓதும் வரியை மூன்றாய் உடைத்து. என் அப்பாவுக்குக் கேட்டதோ என்னவோ. அடுத்த வருஷம் யார் ஏறுவது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

உன்னை வா என்று எழுதவில்லை, ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம் என்று தெரியும். தைவானில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் காலையில் நடக்கக் கூட்டிப்போவதாய்ச் சொன்னாய். நடுவழியில் அவர் பேச்சை நிறுத்தினால் கோபம் என்று எண்ணாதே, நீயும் நின்றுவிடு. அவசரப்படுத்தாதே, கையைப் பிடித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
வாகிமான்