பீரோ விழுந்த பக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் எப்படி இருக்கின்றன?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிஜ அளவில் ஒரு மர வீடு கட்டி, ஆட்டும் மேடையில் வைத்து நிலநடுக்கம்போல உலுக்கினார்கள். உள்ளே சாமான் அடுக்கியது நான்தான். கட்டிலில் ஆளுயரப் பொம்மையைப் படுக்கவைத்துப் போர்த்தியும் விட்டேன். வீடு முனகியது, நெளிந்தது, ஆனால் விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா, ஒரு ஆணிகூடப் பிடுங்கிக்கலை" என்றார் தலைமைப் பொறியாளர்.

"சார், பொம்மை மேல பீரோ விழுந்து கிடக்கு" என்றேன்.

"அது நம்ம சோதனையில வராதும்மா."

அறிக்கையில் வீடு தேறிவிட்டது. பொம்மையை இழுத்தெடுத்ததிலிருந்து எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ஆசாரியைக் கூப்பிட்டு நம் பீரோவை இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு முடுக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் பெட்டிகளை இன்றே இறக்கிவிடுங்கள். அவர் வரும்வரை பீரோவை ஒட்டிய உங்கள் பக்கத்தில் படுக்க வேண்டாம். என் பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே படுங்கள். இடத்துக்கான சண்டையை நான் வந்து வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த சோதனை வீட்டுக்குச் சாமான் அடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

அவசரத்தில்,
உங்கள் வீட்டுக்காரி