கணவாய்ச் சாலையில் ஒன்றேகால் மைல் பின்னோக்கி இறங்கியது குறித்த அறிக்கையைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்
லவோன் ஹாக்ஸ்டாட் (வயது 71),
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
மைனாட், வட டகோட்டா.

பெறுநர்
சாலைப் பிரிவு ஆணையர் அவர்கள்,
ஹாலோ பைன் மாவட்டம், மொன்டானா.

பொருள்: கெட்டில்மேன் கணவாய்ச் சாலையில் எனது கேரவன் சிக்கிக்கொண்டதாக எழுதப்பட்ட அறிக்கையைத் திருத்தவும், அதன்பேரில் முப்பதடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத் தடை விதித்து வைத்த பலகையை அகற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: துணை ஷெரிஃபின் அறிக்கை, நாள் 11.07.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனிப்புயலிலும் ஊரார் பிள்ளைகளை நகக்கீறல் இல்லாமல் வீடு சேர்த்தவள். ஓய்வுக்குப் பின் நானும் என் கணவர் ஆர்லோவும் (வயது 74) படுக்கை, அடுப்பு, குளியலறை சகிதமான முப்பத்தெட்டடி கேரவனில் ஆண்டுக்கு ஏழு மாதம் சாலையிலேயே வாழ்கிறோம். எங்கள் கேரவன் சங்கத்தின் நெடும்பயணங்களைத் திட்டமிடுவதும், முதல் வண்டியாக முன்னே செல்வதும் பதினொரு ஆண்டுகளாக நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமை இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

2. அழகான சாலைகள் எல்லாமே குறுகலானவை. ஆகவே குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து உட்காருவேன். பாலத்தின் உயரம், ஏற்றத்தின் கடுமை, டீசல், குடிநீர், கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் இடம் எல்லாவற்றையும் குறிப்பேன். ஆனால் ஒவ்வொரு சாலைக்கும் முதல் வரியில் எழுதுவது, வழி அடைபட்டால் எங்கே ஒதுங்கலாம் என்பதைத்தான். இது கைபேசி வரைபடத்துக்குத் தெரியாது. அந்த ஊரில் பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவருக்குத் தெரியும். எனவே பிப்ரவரியில் தங்கள் ஊழியர் திரு. டுவேய்ன் பிக்கெட்டைத் தொலைபேசியில் அழைத்தேன். "நாலாவது வளைவுக்கு ஒன்னேகால் மைல் கீழ சரளைக்கல் கொட்டற மைதானம் இருக்கும்மா. அத விட்டா உச்சி வரைக்கும் பெரிய வண்டி ஒதுங்க எடமே கெடையாது" என்றார். எழுதிக்கொண்டேன்.

3. அக்டோபரில் சங்கத்தை அழைத்துச் செல்லுமுன் சாலையை நேரில் பார்க்க ஜூலை 11 அன்று சென்றோம். வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் சிறு காரை அடிவாரத்திலேயே கழற்றி நிறுத்தினோம். அது மாட்டியிருந்தால் பின்னோக்கிப் போக முடியாது. நான்காம் வளைவைத் தாண்டியதும், எங்களுக்கு ஐம்பதடி முன்னால் பாறை சரிந்து சாலையை அடைத்தது. அதற்கு அப்பால் இருபத்து மூன்று பேர் மாட்டிக்கொண்டனர், இருவர் கைக்குழந்தைகள். எங்களுக்குப் பின்னால் வந்த கார்கள் திரும்பிப் போய்விட்டன. பாறையை அகற்றும் புல்டோசர் மேலே வர வேண்டுமானால் நான் கீழே இறங்கியாக வேண்டும். வண்டியைத் திருப்ப இடமில்லை.

4. ஆர்லோ பின்னால் நடந்து கைகாட்ட, நான் பின்னோக்கி ஓட்டினேன். என் கண்ணாடியில் அவர் தெரியாமல் போனால் அந்த நொடியே வண்டி நிற்கும் என்பது எங்கள் விதி. "ஆறு இடங்களில் வாகனம் சிக்கி நின்றது" என்கிறது அறிக்கை. ஆறு முறை நின்றது உண்மை, சிக்கியது பொய். இருமுறை வளைவில் அவர் மறைந்தார். ஒருமுறை காலணிக் கயிறு அவிழ்ந்தது. ஒருமுறை மரத்துக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. எழுபத்து நான்கு வயதில் அதைத் தள்ளிப்போட இயலாது. கடைசியாக நின்றது ஒரு மானுக்காக.

ஐந்தாவது முறையைத் தனியே சொல்ல வேண்டும். அவர் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். இறங்கிப் போனேன். "என்னால முடியல, லவோன். பள்ளத்தப் பாத்தா தலை சுத்துது. நான் தப்பா கை காட்டிட்டா நீ உள்ள போயிருவ" என்றார். "பள்ளத்த நான் பாத்துக்கறேன். நீ கண்ணாடியில என் மூஞ்சிய மட்டும் பாரு. அம்பது வருஷமா பாக்கற மூஞ்சிதானே, இதுக்கு மேல என்ன பயம்" என்றேன். சிரித்துவிட்டு எழுந்தார். எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். இதையெல்லாம் எழுத அவர் சம்மதித்துள்ளார்.

5. ஐம்பது நிமிடத்தில் மைதானத்தை அடைந்தோம். வண்டியில் ஒரு கீறல் இல்லை. புல்டோசரோடு காத்திருந்தவர் அதே டுவேய்ன். தொப்பியைக் கழற்றி, "முப்பது வருஷமா இந்த மலையிலதான் கெடக்கறேன். இப்படி ஒருத்தர் பின்னாலயே எறங்கி வந்து பாத்ததில்லம்மா" என்றார். ஒரு மணி நேரத்தில் வழி திறந்தது. கீழிறங்கிய ஒவ்வொரு காரும் எங்களைக் கடக்கும்போது ஹாரன் அடித்தது. நான் வண்டிப் படியில் நின்று, தேர்தலில் ஜெயித்தவளைப் போல் இரண்டு கைகளையும் ஆட்டினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அடைந்ததில்லை.

6. துணை ஷெரிஃப் வந்தது அதற்கும் பிறகு. அப்போது பாறையும் இல்லை, புல்டோசரும் இல்லை. காபி போட்டுக்கொண்டிருந்த நான் மட்டுமே இருந்தேன். "ஏம்மா, இந்த வயசுல இவ்ளோ பெரிய வண்டி தேவையா? வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னலாம்ல?" என்றார். "அதுவும் பின்னுவேன். காபி குடிக்கறீங்களா?" என்றேன். இரண்டு கோப்பை குடித்துவிட்டு, நாங்கள் நின்று நின்று இறங்குவதைக் கீழிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போன யாரோ ஒரு கார்க்காரர் சொன்னதை அறிக்கையாக எழுதிவிட்டார். அதில் பாறை என்ற சொல்லே இல்லை. அன்றைய புல்டோசர் நாட்குறிப்பு தங்கள் அலுவலகத்திலேயே உள்ளது. அதன் நகலையும் இருபத்து மூன்று பேரின் கையொப்பங்களையும் இணைத்துள்ளேன். குழந்தைகளுக்காகத் தாய்மார் இட்டனர்.

7. ஒவ்வொரு மே மாதமும் இம்மாவட்டத்தின் நாற்பதடிப் பள்ளிப் பேருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இதே சாலையில் முகாமுக்கு ஏற்றிச் செல்கிறது. நாற்பதடி ஏறும் சாலையில் முப்பத்தெட்டடி ஏறக்கூடாது என்பதற்கான கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

8. அறிக்கையில் என் பெயர் இருக்கும்வரை நான் முன்வண்டி ஓட்டக்கூடாதென்று சங்கம் எழுதிவிட்டது. அக்டோபர் 6 அன்று பதினொரு வண்டிகள் கிளம்புகின்றன. கணவாயில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகிப் பத்தே நாளில் உதிர்ந்துவிடும். என் இடத்துக்குப் பேசப்படுபவர், கூரையில் புது ஏர்கண்டிஷனர் வைத்தபின் உயரத்தை மறுபடி அளக்காமல் போய், ஒரு பெட்ரோல் பங்கின் கூரையைப் பெயர்த்தவர். என் திட்டத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

எனவே அறிக்கையைத் திருத்தி, பலகையை அகற்றிடப் பணிவுடன் வேண்டுகிறேன். ஐயமிருந்தால் அக்டோபர் 6க்குள் தாங்களே ஒரு நாளைக் குறியுங்கள். அதே ஒன்றேகால் மைலை மீண்டும் பின்னோக்கி இறங்கக் காத்திருக்கிறேன்; தாங்கள் என் பக்கத்து இருக்கையில் அமரலாம். கீழே வந்தபின்னும் "சிக்கிக்கொண்டது" என்ற சொல் சரியென்று பட்டால், சாவியைத் தங்கள் மேசையில் வைத்துவிடுகிறேன். சரியில்லை என்று பட்டால், இருக்கையை விட்டு எழுமுன் திருத்தத்தில் கையொப்பமிட வேண்டுகிறேன். பேனா நான் கொண்டுவருகிறேன்.

இடம்: மைனாட்
நாள்: 08.09.2023

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) லவோன் ஹாக்ஸ்டாட்
முன்வண்டி ஓட்டுநர்