லோடு உன் பின்னால் வரமாட்டான்

உப்பு இல்லை, மஞ்சள் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெறும் தண்ணீரில் கோழிக்கறி வேகிற வாசனை வீடு முழுக்க நிற்கிறது. எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்து, "நாய்க்குத் தனியா கோழி அவிக்கிற அளவுக்கு வந்தாச்சாக்கும்?" என்று கேட்டாள். "ஆமா, வந்தாச்சு. ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் தரட்டுமா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் லோடுக்குத்தான் சமைக்கிறேன். மதுரையிலிருந்து நாம் வேலை பார்த்த அச்சகத்துக்கு வந்த பேப்பர் லாரியில், கட்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்த குட்டியைத் தூக்கி முந்தானையில் போட்டுக்கொண்டவள் நீ. பைண்டிங்கில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். நீ யாரையும் மதிக்கவில்லை. "லோடோட வந்தான், லோடுன்னே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டாய். காலண்டர் சீசனில் நமக்குச் சாப்பிட நேரமில்லாத நாளிலும் அவன் சோறு தவறியதில்லை. டீக்கடையில் யாரோ அவனுக்குக் கிரீம் பன் போட்டதற்கு நீ போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "நாய் வயிறு ஒங்க வயிறு இல்ல. நீங்க திங்கிற கண்டதயும் அது திங்காது" என்று கத்தினாய். பக்கத்தில் நின்ற எனக்கு மானமே போனது. இன்று அந்தச் சண்டை எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம்.

அப்புறம் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை. உன் கையில் ஒட்டிய பசை காய்வதற்குள் போய்விட்டாய். அதற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினாறாம் நாள் உன் அண்ணன் வீட்டில் படையல். உன் படத்துக்கு முன்னால், உனக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. எண்ணெய் பரோட்டா, சால்னா, ஆட்டுக்கறி, உளுந்தவடை, பாயாசம். காக்காய் சோறு எடுத்ததும் எல்லோருடைய கண்ணும் வாசலில் படுத்திருந்த லோடு மேல் போனது. உன் சின்னம்மாதான் தொடங்கி வைத்தாள். "அவ வளத்த பிள்ள. இது தின்னா அவ தின்ன மாதிரி." அப்புறம் கேட்கவா வேண்டும்? அழுதுகொண்டே ஆளுக்கொரு பரோட்டா, ஆளுக்கொரு கறித்துண்டு. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் முன்னால் வருவதற்குள் அவன் வயிறு மத்தளமாகிவிட்டது.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தால், லோடுக்கு வாந்தி. கூடவே தண்ணீராகப் பேதி. எழுந்து நிற்கக் காலில் தெம்பு இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவ கூப்பிடுதா" என்றாள் சின்னம்மா. "உசிரா வளத்தால்ல, தொணைக்குக் கூப்பிடுதா. தடுக்கக் கூடாது."

உன் அண்ணனும் தலையாட்டினார். "எங்கனயாவது மரத்தடியில விட்டுருவோம். வீட்டுக்குள்ள இன்னொரு சாவு வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். "அவ ஒண்ணும் கூப்பிடல. நீங்க ஊட்டுனீகளே, அந்தப் பரோட்டாதான் கூப்பிடுது. பச்சக் குட்டியக் கூட்டிட்டுப் போறவளா அவ?" என்று கேட்டுவிட்டு, அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கையில் அவன் உடம்பு துணிபோலத் தொங்கியது. பயந்துதான் போனேன். ஆனால் அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர், அவன் தின்றதை நான் சொல்லச் சொல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊசி போட்டார். குட்டிகளைக் கொல்கிற வைரஸ் தொற்று இல்லை, எண்ணெயும் மசாலாவும் செய்த வேலை என்றார். சால்னாவில் கிடக்கிற வெங்காயம் நாய்க்கு ஆகவே ஆகாதாம். "வாந்தி நிக்கிற வரைக்கும் சோறு வேண்டாம்மா, தண்ணி மட்டும் கொஞ்சங் கொஞ்சமா. அப்புறம் கொழைய வடிச்ச சோறு, தோலில்லாத கோழி. ஒரு தடவைக்கு ஒரு பிடி போதும், அடிக்கடி குடுங்க. பால் கூடாது. தேறிட்டான்னு ஒரேயடியா பழைய சாப்பாட்டுக்கு மாத்தாதீங்க. ரத்தமாப் போனாலோ சோந்து படுத்தாலோ ஒடனே தூக்கிட்டு வாங்க."

அவனை என் வீட்டுக்கே கொண்டுவந்தேன். சாயங்காலம் சின்னம்மா விபூதியும் ஒரு டம்ளர் பாலுமாக வந்து நின்றாள். "ஏக்கத்துல கெடக்கான். அவளை நெனச்சு ஒரு வாய் ஊத்து."

"விபூதியக் குடுங்க, பூசி விடுதேன். பால நீங்களே குடிச்சிருங்க சின்னம்மா."

"செத்தவ ஆசைய மீறுத. நல்லதுக்கில்ல."

"அவ பேச்சத்தான் கேக்கேன்" என்று கதவைச் சாத்தினேன்.

இப்போது தேறிவிட்டான். இன்று காலையில் என் செருப்பைக் கடித்துக் குதறினான். திட்ட மனசே வரவில்லை. ஒரு நாய் கெட்டியாக வெளிக்கிருந்ததற்குச் சாமி கும்பிட்டவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் இருப்பேன். இனி உன் பெயரைச் சொல்லி எவர் எதைக் கொண்டுவந்து அவன் வாயில் திணிக்க வந்தாலும், நீ டீக்கடையில் கத்தியதைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கத்துவேன்.

ஆனால் ஒன்று. நீ கூப்பிடவில்லை என்று ஊர் முன்னால் அடித்துச் சொன்னேன். அது உண்மை. அந்த உண்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ லோடைக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. கனவில்கூட ஒரு சத்தம் இல்லை. இவனை விட்டுவிடு, என்னைக் கூப்பிடு. வரமாட்டேன் என்றுதான் சொல்வேன், இவனுக்கு அடுத்த வேளைச் சோறு பிசைய ஆள் வேண்டும். இருந்தாலும் ஒரே ஒரு தடவை கூப்பிடேன்டி.